மூன்றாம் கட்டம்

விளையாட்டு விடுதி, கொழும்பு
05.10.2025

என் செல்லத் தங்கச்சி சுதர்ஷினிக்கு,

நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமா? இங்கே போனைப் பூட்டி வைத்துவிடுகிறார்கள், அதனால் கடிதம்தான்.

பெட்மிண்டன் மாவட்டத் தெரிவு நவம்பர் 22. தெரிவானால் என் பக்கத்துக் கட்டில் உனக்குத்தான். சித்திரை லீவில் நம் லயத்து வீட்டு முன்வாசல் இஸ்தோப்புச் சிமெந்துத் தரையில் நான் பெயின்டால் போட்ட ஏணிக் கட்டங்களில் தினமும் இருபது தடவை ஓடு. பிறகு வெறுங்காலோடு, கண்ணை மூடி, ஒற்றைக் காலில் ஒரு நிமிடம் நில். தெரிவில் இவை இரண்டையும்தான் முதலில் பார்ப்பார்கள், ராக்கெட் அப்புறம்.

உன்னையே நினைத்திருக்கும் அக்கா,
ஜெயந்தினி

மேல்பிரிவு லயம், நல்லதண்ணி
19.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கோபிக்காதீர்கள். ஆவணியில் ஒரு நிமிடம் நின்றவள், இப்போது இருபது விநாடியில் இடப்பக்கம், பள்ளத்தை நோக்கிச் சாய்ந்துவிடுகிறேன். ஏணியில் மூன்றாம் கட்டத்தில் எப்போதும் கால் பிசகுகிறது. அளந்து பார்த்தேன், மற்றவற்றைவிட நாலு விரல் அகலம். அவசரத்தில் போட்டீர்களோ?

கதவும் சாத்த முடியவில்லை. "மழைக்கு ஊறிப்போச்சு, வெயில் வந்தா சரியாயிடும்" என்கிறார் அம்மா.

உங்கள் சுதா

கொழும்பு
28.10.2025

சுதா,

என் கோட்டிலா குற்றம் கண்டுபிடிக்கிறாய்? டேப் பிடித்து, ஒவ்வொரு கட்டமும் பதினெட்டு அங்குலம் போட்டேன். உன் கணுக்காலுக்குத்தான் பலம் போதாது. தலையணை மேல் நின்று பழகு. சாயும் பக்கத்துக்கு எதிராக உடம்பைப் பிடி.

திட்டினாலும் ஆசையோடுதான்,
அக்கா

நல்லதண்ணி
23.11.2025

அக்கா,

நான் தெரிவாகவில்லை. நீங்கள் சொன்னபடி பழகி, வீட்டில் ஒரு நிமிடம் அசையாமல் நின்றேன். அங்கே மண்டபத்துப் பலகைத் தரையில் கண்ணை மூடியதும் வலப்பக்கம் விழுந்தேன். வீட்டில் ஒரு நாளும் அந்தப் பக்கம் விழுந்ததில்லை. ஏணியிலும் மூன்றாம் கட்டத்தைத் தாண்டி மிதித்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மழை விடவேயில்லை. மூன்றாம் கட்டத்தின் நடுவே வெடித்திருக்கிறது, அம்மா சாம்பல் போட்டு அடைத்தார். தோட்டத்துக் கண்டாக்கு ஐயாவிடம் சொன்னதற்கு, "பழைய லயம், அப்படித்தான் இருக்கும்" என்றாராம். வெட்கமாக இருக்கிறது அக்கா. காலையிலிருந்து மறுபடி பழகுகிறேன்.

சுதா

கொழும்பு
26.11.2025

சுதா, என் கண்ணே,

உன் காலில் குற்றமில்லை. நம் வீட்டுத் தரைதான் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து நகர்கிறது. மண் சரியப் போகிறது. நீ பலகைத் தரையில் மறுபக்கம் விழுந்ததை வாசித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நீ அன்றைக்கே அளந்து சொன்னாய். நான் என் கோட்டுக்காகச் சண்டை பிடித்தேன்.

வார்டனிடம் கெஞ்சிப் போனை வாங்கினேன். அம்மாவின் போன் வேலை செய்யவில்லை, நம் லயத்துப் பக்கத்துக் கடைக்காரரும் எடுக்கவில்லை. இதை நம் ஊர்ப் பக்கம் வரும் மஸ்கெலியா பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். வாசித்த கையோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போ. பக்கத்து வீட்டுக் காம்பராக்காரர்களிடமும் சொல். ஒன்றையும் எடுக்காதே, ராக்கெட்டையும் விட்டுவிடு. யார் ஏசினாலும் ஏசட்டும்.

அக்கா

கொழும்பு
29.11.2025

சுதா,

கண்டக்டர் கடிதத்தைத் திருப்பித் தந்துவிட்டார். "அங்கிட்டுப் போக ரோடே இல்லம்மா" என்றார். உறையைப் பிரிக்காமல் இதோடு வைத்து அனுப்புகிறேன். தபால்கந்தோரில் வாங்க மறுத்தார்கள், அழுது கொடுத்துவிட்டு வந்தேன்.

நீ அளந்ததுதான் சரி. ஒரு வரி எழுது.

அக்கா