கீழ்க்குழியில் போணி

நாள் 61 | 06:40
நிலவு, விளிம்பு நிலையம். எழுதுவது கள அலுவலர் மரிய ஜெசிந்தா. யார் கையில் இது கிடைக்கிறதோ அவர்களுக்கு.

காற்றழுத்தம் சரி. செல்போன் கோபுரம் சரி. பூமித் தொடர்பு சரி. எனக்குக் கீழே நாலு கிலோமீட்டரில், வெயிலே படாத கீழ்க்குழியில், இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பனிக்கட்டி வெட்டிப் பிழைக்கிறார்கள். மேலே நான் ஒருத்தி. கோபுரத்தையும் 'சிட்டு'வையும் பார்த்துக்கொள்வது என் வேலை. சிட்டு என்பது செல்போனில் பணம் கட்டும் சேவை. அங்கே இருப்பது ஒரே கடை, உலகம்மாள் அக்காவின் டீக்கடை. பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் எங்கள் பெட்டி அதில்தான் இருக்கிறது.

போனில் சிட்டுவை இறக்கியவர்கள்: 212. அதில் பணம் கட்டியவர்கள்: 0.

காலாண்டு அறிக்கையில் "குடியிருப்பு முழுவதும் சிட்டுவுக்கு மாறிவிட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இறக்கினால் மாறிய மாதிரிதானே. இலக்கை எட்டாத அலுவலருக்கு ஒப்பந்தம் நீளாது. எனக்கு நீள வேண்டும்.

நாள் 74 | 07:15
சிட்டுவில் கட்டினால் அரை டீ இலவசம் என்று அறிவித்தேன். பலன்: 0.

கையுறை போட்ட விரலுக்குத் திரை வேலை செய்யவில்லையோ என்று எழுத்துகளைப் பெரிதாக்கினேன். 0. ரகசிய எண் மறந்துவிட்டதோ என்று எல்லாருக்கும் மறுபடி அனுப்பினேன். 0. கீழே இறங்கிப் போய் ஒரு நாள் கடையில் நின்று பார்த்திருக்கலாம். வண்டி அவர்களிடம் இருக்கிறது, கேட்டால் அனுப்புவார்கள். கேட்கவில்லை. எண்களைப் பார்த்தால் போதும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

நாள் 88 | 09:02
தலைமையகச் செய்தி, அப்படியே:

"கீழ்க்குழி முழுவதும் சிட்டுவைப் பயன்படுத்துவதாக உங்கள் அறிக்கை உறுதி செய்கிறது. அங்கே பரிவர்த்தனை பூஜ்யம். ஆகவே குடியிருப்பு காலி எனக் கொள்ளப்படுகிறது. காற்று வடிகட்டி ஏற்றிய கப்பல் வேறு தளத்துக்குத் திருப்பப்படும். ஆட்சேபம் இருந்தால் நாள் 90, 12:00க்குள் பரிவர்த்தனைச் சான்று தேவை. அலுவலர் வாய்மொழியும் அலுவலரே கட்டும் பணமும் ஏற்கப்படாது."

மூன்று முறை படித்தேன். கீழே இருக்கும் வடிகட்டிகள் இன்னும் ஒரு மாதத்துக்குத்தான். அடுத்த கப்பலுக்கு எழுபது நாள். ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஒன்பது செய்தி அனுப்பிவிட்டேன். ஒன்பதுக்கும் அதே பதில் வந்தது.

நாள் 88 | 10:30
வாக்கி-டாக்கியில் உலகம்மாள் அக்காவைப் பிடித்தேன். ஏன் யாரும் சிட்டுவில் கட்டுவதில்லை என்று முதல் தடவையாகக் கேட்டேன்.

"கட்டப் பாத்தாவளே ஆபீசரம்மா. உங்க பெட்டிதான் 'இன்று கடை விடுமுறை'ன்னு சொல்லுது. நான் அடுப்புகிட்ட நிக்கேன், கடை விடுமுறையாம். ரெண்டு நாள் பாத்தாவ, பெறவு போன யாரும் எடுக்கல. தகர டோக்கன் போதும்னுட்டாவ."

காலையில் கடை திறந்ததும் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"இசக்கிமுத்துக்காகக் காத்திருப்பேன். துளைபோடுற மிசினு பாக்கானே, அவன்தான். அவன் கைராசிக்காரன். அவன் டோக்கன கையில வாங்கி, கண்ணுல ஒத்திகிட்டாத்தான் போணி. அதுவரைக்கும் யாருக்கும் ஊத்த மாட்டேன். ஒரு கால் மணி நேரம் ஆவும்."

கையேட்டை எடுத்தேன். பக்கம் 4: கடை திறந்து பத்து நிமிடத்துக்குள் முதல் பணம் வராவிட்டால், கடை விடுமுறை என்று பெட்டி அன்றைக்கு அணைந்துவிடும்.

இவ்வளவுதான். பெட்டியைச் செய்தவன் யாரும் காலையில் ஒரு கடையில் நின்றதில்லை. நானும்தான்.

நாளைக்குப் போணியைப் பத்து நிமிடத்துக்குள் சிட்டுவில் வாங்குங்கள் என்றேன். "பெட்டிக்கு ஏது கை?" என்றார். கப்பல் கொஞ்சம் தாமதமாகலாம், அதற்காகத்தான் என்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அறிக்கையையும் சொல்ல வேண்டும்.

நாள் 89 | 06:14
கடை திறந்தது 06:00. இசக்கிமுத்து வந்தது 06:11. பெட்டி அணைந்தது 06:10. அக்கா அவனுக்காகக் காத்திருந்தார்.

நாள் 89 | 06:50
வாக்கியில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டேன். கப்பல், அறிக்கை, என் கையெழுத்து, எல்லாம்.  அக்கா கேட்டார்.

"அப்ப இன்னைக்கு ஒரு நாளு என்னாலதான் போச்சா?"

இல்லை, என்னால்தான் என்றேன். அதை அவர் கேட்டாரா என்று தெரியவில்லை.

நாள் 90 | 06:03
இசக்கிமுத்து கடையிலேயே படுத்துக்கிடந்திருக்கிறான். 06:01க்குப் போனில் கட்டினான். பெட்டி பேசியதை வாக்கியில் கேட்டேன்: "ஒரு டீக்கான பணம் வந்து சேர்ந்தது. நன்றி." அக்கா அந்தப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொண்டாராம். வரிசையில் இருநூறு பேர் நிற்கிறார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாள் 90 | 06:05
இரண்டாவது ஆளுக்குப் பெட்டி சொன்னது: "புதிய கடைக்கு முதல் நாள் ஒரே ஒரு பரிவர்த்தனை. பாதுகாப்பு கருதி. நாளை முயலவும்."

பக்கம் 31. இதையும் நான் படிக்கவில்லை.

நாள் 90 | 12:00
"சான்று ஏற்கப்பட்டது. கீழ்க்குழியில் வசிப்பவர்: 1. ஒருவருக்குத் தேவையான வடிகட்டி அங்கே போதுமான இருப்பில் உள்ளது. கள அலுவலருக்குத் தனி இருப்பு உண்டு. கப்பல் திருப்பப்பட்டது."

நாள் 91 | 11:40
பரிவர்த்தனை: 212. ஒருவர் பாக்கியில்லை. கப்பல் திரும்ப முடியாத தூரம் போய்விட்டது. தலைமையகத்திலிருந்து வாழ்த்து வந்தது. என் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது.

நாள் 104 | 08:00
212. தினமும் கட்டுகிறார்கள். தங்களை யாராவது எண்ணட்டும் என்றுதான். கட்டும்போது பெட்டியிடம் பெயரைச் சொல்லுகிறார்களாம். பெட்டிக்குக் காது கிடையாது. நான் சொல்லவில்லை.

நாள் 119 | 08:00
140. அறை அறையாக அடைத்துக் காற்றை மிச்சம் பிடிக்கிறார்கள்.

நாள் 122 | 07:20
77. என் நிலையத்தில் இன்னும் ஒருவருக்கு இடம் உண்டு. வண்டியில் ஏறி மேலே வாருங்கள் அக்கா என்றேன்.

"கடையப் பூட்டிட்டு எப்பிடி வர? ஷிப்டு முடிஞ்சு வாரவன் டீக்கு எங்க போவான்? வேற யாரையாவது கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். யார் வருவது என்று அவர்களால் முடிவு செய்ய முடியவில்லை. யாரும் வரவில்லை.

நாள் 125 | 06:20
19. இசக்கிமுத்து இன்று கட்டவில்லை. அக்கா பத்து நிமிடம் முழுக்கக் காத்திருந்தார். பெட்டி அணையப்போகும் நேரத்தில் வேறு யாரோ கட்டினார்கள்.

நாள் 127 | 06:30
1. அக்கா தன் போனிலிருந்து தன் கடைக்கே கட்டினார்.

"ஆபீசரம்மா, மேல இருக்கியளா? நாளைக்கு நீங்க போடுங்க போணிய. எனக்கு முடியல. கடை மட்டும் தொறந்தே இருக்கும்."

நாள் 128 | 06:00
தலைமையகம்: "பயன்பாடு நிலையாக 100 சதவீதம். வசிப்பவர் அனைவரும் சிட்டுவில்."

உண்மைதான்.

நாள் 128 | 06:09
கடை வாக்கி திறந்தே கிடக்கிறது. அடுப்பு இரைகிறது. அக்காவை நாலு தடவை கூப்பிட்டேன்.

கட்டிவிட்டேன். ஒரு டீ.

"ஒரு டீக்கான பணம் வந்து சேர்ந்தது. நன்றி."

வேறு சத்தம் இல்லை. என் கைராசி எப்படியோ தெரியவில்லை அக்கா. நாளைக்கும் பத்து நிமிடத்துக்குள் கட்டிவிடுவேன். கடை விடுமுறை என்று அது சொல்ல விட மாட்டேன்.