சிட்டுவுக்கு மூன்று வயது

அன்பு அத்தானுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? தினமும் போனில் பேசிவிட்டுக் கடிதமும் எழுதுகிறேன், மன்னியுங்கள். இதை வாயால் சொல்லக் கூச்சம்.

வேலைக்காக வந்த இந்த ஊரில் புதிதாகச் சேர்ந்த சபையின் குடும்பப் படிவத்தில் நம் மகள் சிட்டுவையும் சேர்த்திருந்தேன். இறந்துவிட்டாள் என்று எழுதக் கை வரவில்லை. அலுவலகத்தில் நாளெல்லாம் படிவம் சரிபார்ப்பவள் நான்! நேற்று ஆராதனையில் போதகர், "சிட்டுப் பாப்பாவுக்கு இன்னிக்கு மூணு வயசு, முன்னால வாங்க" என்று கூப்பிட்டுவிட்டார். தனியாகப் போய், "அவ ஆண்டவர்கிட்ட இருக்கா, ஐயா" என்றேன்.

"அப்போ அவளும் நம்ம சபைதாம்மா. பாடுங்க எல்லாரும்!" என்றார். பாடினார்கள். அவளை மறுபடி பார்ப்போம் என்று அப்போதுதான் முழுமனதாக நம்பினேன். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. ஒன்றே ஒன்று, அத்தான். அங்கே நம் வீட்டில் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் அவள் படத்தை எடுத்துச் சுவரில் மாட்டுவீர்களா?