அமராவதியைத் தவிர்க்கும் பாதை

என் கோபத்துக்கும் பிரியத்துக்கும் உரிய பாலு அண்ணா,

இன்று செப்டம்பர் 27, 1998. மாலை நாலேகால் மணி. திருச்சியிலிருந்து கொச்சிக்கு ஆறாவது முறையாகப் பாதை வரைந்து முடித்திருக்கிறேன். நாளைக் காலை அந்தச் சின்ன விமானத்தில் நான் மட்டும் தனியாகப் போக வேண்டும். லைசென்ஸுக்கு மிச்சமிருக்கும் கடைசி நீண்ட பயணம். பயமாக இருக்கிறது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

இதே பயணத்தில்தான் நீ போனாய். இரண்டு வருஷம் ஆகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டப் பாலக்காட்டுப் பக்கம் அகலமான ஒரு கணவாய் இருக்கிறது; எல்லோரும் அது வழியாகத்தான் போவார்கள். நீ அங்கே போய்ச் சேரவே இல்லை. தாராபுரத்துக்கு மேலே மேகம் இறங்கியதும் தெற்கே திரும்பி, அமராவதி ஆற்றோடு போய், அணையையும் தாண்டி மலைக்குள் நுழைந்துவிட்டாய். ஆறு தெரிகிறது, அதைப் பிடித்தே போகிறேன் என்று நீ ரேடியோவில் சொன்னதுதான் கடைசி.

விமானியின் தவறு என்று முடித்துவிட்டார்கள். விமானப் பயிற்சி கிளப்பில் ஒருவன், "மடியில மேப் இருக்கு, இவர் எதுக்கு ஆத்துக்குள்ள போனாரு?" என்று கேட்டான். பதில் தெரியாமல் அவனை முறைத்தேன். இப்போது தெரியும். உனக்குத்தான் எழுதுகிறேன், அவனும் படிக்கட்டும்.

நம் டெல்டா ஊரில் வழி தப்பினால் என்ன செய்வோம்? தண்ணீர் வருகிற திசையைப் பார்த்துப் போவோம். கீழே போனால் ஆறு வாய்க்காலாகவும், வாய்க்கால் கன்னி வாய்க்காலாகவும் பிரிந்து பிரிந்து எவன் வயலிலோ கொண்டுபோய் விட்டுவிடும். மேலே போனால் எல்லாம் ஒன்றுசேர்ந்துகொண்டே வரும். எதைப் பிடித்தாலும் கடைசியில் நம் திருக்காட்டுப்பள்ளிப் பாலம். இதை யாரும் சொல்லித் தரவில்லை. மழையில் கண் தெரியாத நாளிலும் சைக்கிள் தானாக அந்தப் பக்கம் திரும்பும்.

மலையில் இது தலைகீழ். மேலே போகப் போகத்தான் ஆறு பிரியும். ஒவ்வொரு கிளையும் ஒரு பாறைச் சுவரில் போய் முடியும். தரை ஏறுகிற வேகத்துக்கு நம் எஞ்சின் ஏறாது. திரும்ப இடமும் இருக்காது. இது உனக்குத் தெரியாதா? பரீட்சையில் நீதானே முதல்? தெரிந்தும் கை ஏன் அந்தப் பக்கம் போனது?

இதைக் கேட்கிற யோக்கியதை எனக்குப் போன வாரமே போய்விட்டது. பயிற்சி தரும் கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தாராபுரத்துக்கு மேலே மேகம் இறங்கியது. முன்னால் ஒரே வெள்ளை. கீழே இடது பக்கம் தண்ணீர் பளபளத்தது.

"எங்கப்பா போற?" என்றார்.

"நேராத்தான் சார்."

"உங்க ஊர்ல தெற்குக்குப் பேரு நேரா? காம்பஸைப் பாரு தம்பி."

பார்த்தேன். நாற்பது டிகிரி திரும்பியிருந்தேன். திரும்பியதே எனக்குத் தெரியாது. தண்ணீரைப் பார்த்ததும் மனசு நிம்மதியானது மட்டும்தான் தெரியும். அண்ணா, நீயும் அப்படி நிம்மதியாகத்தான் போனாயா? எதுவரைக்கும்?

மலையும் மேகமும் வரைபடத்துக்கும் வானிலை அறிக்கைக்கும் அடங்குபவை. இந்த நிம்மதி எதற்கும் அடங்காது. அதுதான் எனக்குப் பயம். நாளை பக்கத்தில் கேட்க ஆள் இல்லை.

நீ சேரப்போவதாகச் சொன்ன புது விமானக் கம்பெனியை மூடிவிட்டார்கள். உன்னோடு படித்தவர்கள் துபாய், மஸ்கட் என்று போய்விட்டார்கள். லைசென்ஸ் வந்தால் நானும் அந்தப் பக்கம்தான். மதியம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவிடம் பேசினேன்.

"மலைப் பக்கம் போகாம ஓட்டக் கூடாதாடா? நம்ம பக்கம் எவ்வளவு ஆகாசம் சும்மா கிடக்கு!"

"கொச்சிக்குப் போகணும்மா. நடுவுல மலை இருக்கே."

"கன்னியாகுமரியைச் சுத்திப் போயேன். பஸ்ஸுக்காரன் போகல?"

"பஸ்ஸுக்கு வழியில டீசல் போட்டுக்கலாம்மா."

"வாய் மட்டும் அப்படியே உங்க அண்ணன் வாய். சரி, எப்பப் போற?"

"இன்னும் நாள் இருக்கும்மா" என்று வைத்துவிட்டேன். வேறென்ன சொல்ல? அவளுக்கு இனி நான் ஒருத்தன்தான்.

நாளை செய்யப்போவது இதுதான்:

1. தாராபுரம் வழியே போக மாட்டேன். கரூரிலிருந்து வடக்கே ஏறி, ஈரோடு, திருப்பூர், போத்தனூர், பாலக்காடு என்று ரயில் பாதையைப் பிடிப்பேன். கால் மணி நேரம் கூடும். கூடட்டும். தண்டவாளம் மனிதன் போட்டது. அது மலைக்கு அந்தப் பக்கம் போயே ஆக வேண்டும்.

2. கரூரில் அமராவதி இடது பக்கம் தெரியும். அந்தப் பக்கம் கண்ணைத் திருப்ப மாட்டேன்.

3. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கு மேலேயும் காம்பஸ் காட்டுவதை வாய்விட்டுப் படிப்பேன். மனசு நிம்மதியானால் உடனே இன்னொரு முறை படிப்பேன்.

4. போத்தனூரில் கணவாயின் இரண்டு பக்க மலையும் தெரியவில்லை என்றால், யோசிக்காமல் கோயம்புத்தூரில் இறங்கிவிடுவேன். எவன் சிரித்தாலும் சரி.

5. எங்கே இறங்கினாலும் முதல் போன் அம்மாவுக்கு. உண்மையைச் சொல்வேன். திட்டுவாள், கேட்டுக்கொள்வேன்.

6. பள்ளிக்கூடம், நீச்சல், விமானம் என்று எல்லாவற்றிலும் உன் பின்னாலேயே வந்தேன். இதில் மட்டும் வர மாட்டேன் அண்ணா. இது சத்தியம்.

உன் தம்பி,
சேகர்