விளக்கை எந்தப் பக்கம் வைப்பது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், வாசல் கதவு மட்டும் மழைக்கு உப்பிக்கொண்டு திறக்க மறுக்கிறது. நலமா என்று மொத்தமாகக் கேட்டால் நலம் என்று மொத்தமாக எழுதிவிடுவாய், ஆகையால் தனித்தனியாகக் கேட்கிறேன்: முதுகுவலி எப்படி இருக்கிறது, காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாயா, மாப்பிள்ளைக்குப் புது வேலை பிடித்திருக்கிறதா. சித்தி முழங்கால் ஆபரேஷன் முடிந்து மெல்ல நடக்கிறாள், வாய் எப்போதும்போல ஓடுகிறது.

இனி போனில் நான் மறைத்த விஷயம். இரண்டு மாதத்துக்கு முன் ரம்ப மெஷினில் என் இடது கட்டைவிரல் பட்டுவிட்டது. பதறாதே, மூன்று தையல், ஆறிவிட்டது. நீ இங்கே மெஷினைப் பார்த்துக்கொண்ட மூன்று வருடமும் நான் மரப் பொம்மைகளைத் தேய்த்து வழுவழுப்பாக்கும் வேலையோடு இருந்துவிட்டேன் இல்லையா, நீ போன பிறகு மறுபடி நானே அறுக்க நின்றதிலிருந்து பென்சில் கோடு எனக்குச் சரியாகத் தெரியவே இல்லை. பொம்மை யானை அறுத்தால் தும்பிக்கை பாதி பறிபோய்ப் பன்றியாக வந்தது, ஒரே வாரத்தில் பதினொரு பன்றி. நீ மெஷினில் மாட்டிய விளக்கில் பல்பு மங்கல் என்று மாற்றினேன், பிறகு அதைவிடப் பெரிய பல்பு போட்டேன், வெளிச்சம் கூடக்கூடக் கோட்டின் மேல் நிழலும் கறுத்ததுதான் மிச்சம். கண் டாக்டரோ கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று அனுப்பிவிட்டார். உன் அப்பா சும்மா இருப்பாரா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம் என்று பாலிஷ் துணியை உதறிக்கொண்டே சொன்னார். விரலில் பட்ட அன்றைக்கு மட்டும் கேலி இல்லை. இந்த மெஷினே வேணாம், வித்துடலாம், எனக்கு நீ முழுசா வேணும் என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து நானும் சரி என்றுவிட்டேன். ஆனால் உன்னை வயிற்றில் சுமந்துகொண்டுகூட அதன் முன்னால் நின்றவள் நான், அது போய்விட்டால் பொழுது விடிந்து என்ன செய்வேன்?

போன வாரம் மெஷினைப் பார்க்க நாற்காலி செய்கிறவர் ஒருவர் வந்தார். அதிகம் பேசாத ஆள். ஒரு கட்டையில் கோடு போட்டு ஓட்டிப் பார்த்தார், பாதியில் நிறுத்தினார், தலையைச் சாய்த்து விளக்கைப் பார்த்தார். இங்க யாருங்க இடதுகைக்காரங்க என்று கேட்டார். எங்க பொண்ணு, இப்ப தூரத்துல இருக்கா என்றார் அப்பா. அதான் விளக்கு வலப்பக்கம் இருக்கு, நம்ம வலது கையால தள்ளினா கை நிழல் கோட்டு மேலயே விழுது, கண்ணைக் கட்டிக்கிட்டு அறுக்கிற மாதிரிதான், இடப்பக்கம் மாத்திப் பாருங்க, அப்புறமும் விக்கணும்னா சொல்லி அனுப்புங்க என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். வாங்க வந்த மனுஷன் வைத்தியம் பார்த்துவிட்டுப் போனார்.

அப்பாவே இடப்பக்கம் துளை போட்டு விளக்கை மாற்றி முடுக்கினார். பழைய சின்ன பல்புதான். கோடு பளிச்சென்று தெரிந்தது, தும்பிக்கை நுனிவரை வளைந்து வந்தது. அப்பா அந்த யானையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி, கூடம்தான் கோணல் என்று ஒப்புக்கொண்டார். மெஷினை விற்கும் பேச்சு அதோடு நின்றது. ஆனால் ஒன்று கேட்டார், பல்பை ரெண்டு தடவை மாத்தினவளுக்கு விளக்கைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கத் தோணலையா என்று. அவரிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். தோன்றியது. ஒருநாள் ஸ்பேனரைக்கூட எடுத்துவிட்டேன். ஊருக்குப் புறப்படும் அன்று காலையிலும் நீ அந்த விளக்கை ஆட்டிப் பார்த்து முடுக்கிவிட்டுப் போனாய், அதைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை. தூசி தட்டி அப்படியே வைத்திருந்தேன்.

முதல் யானையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், பத்து விரலும் பத்திரமாக, நல்லபடி இருக்க வேண்டும். விரல் விஷயத்தை நான் எழுதியதாக அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே, உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். வலப்பக்கத்துத் துளைகளை அடைக்கப் போனார், நான் விடவில்லை. உன் திருகாணிகள் இரண்டும் என் தையல் டப்பாவில் இருக்கின்றன. நீ வந்து நின்றால் விளக்கு அந்தப் பக்கம் போக ஐந்து நிமிடம் ஆகாது.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா