மடிப்பு விழுந்த சதை

மார்ச் 3
என் மார்புக் கட்டியில் ஊசி குத்தி எடுத்த சதை, மருமகள் வேலை பார்க்கும் லேப்புக்கே போயிருக்கிறதாம். ஊரில் வேறு லேப்பே இல்லையா? ஒரு போர்வையை ஒழுங்காக மடிக்கத் தெரியாதவள். கல்யாணமாகி வந்த மறுநாள் அவள் மடித்ததை, அவள் கண்ணெதிரே உதறி மறுபடி மடித்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். மறப்பேனா?

மார்ச் 6
அங்கே என்னதான் கிழிக்கிறாள் என்று மகனிடம் கேட்டேன். சதையை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் போடுவார்களாம். பெருகுகிற செல் பழுப்பாகத் தெரியும், மற்றது நீலம். இவள் படத்தில் கட்டியின் பகுதியைச் சுற்றிக் கோடு போட்டால், கோட்டுக்குள் இருப்பதைச் சாஃப்ட்வேர் எண்ணும். பழுப்பு அதிகமென்றால் கடுமையான மருந்து.
எண்ணுவது கம்ப்யூட்டர், சம்பளம் இவளுக்கு.

மார்ச் 9
பழுப்பு அதிகமாம். அடுத்த வாரமே கடுமையான மருந்தைத் தொடங்க வேண்டும் என்றார் எனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். அந்த மருந்து ஏறித்தான் என் அக்கா ஒரு வாய் தண்ணீர் இறங்காமல் போய்ச் சேர்ந்தாள். மகன் சுவரைப் பார்த்தான். மருமகள் என் முகத்தையே பார்க்கவில்லை. உள்ளுக்குள் சந்தோஷமோ என்னமோ—யார் கண்டது?

மார்ச் 10
சாப்பிடாமல் வேலைக்குக் கிளம்பினாள். ஏன் என்று கேட்கக் கேட்கச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். திமிர்.

மார்ச் 11
சாயங்காலம் வந்து கட்டிலருகே நின்றாள். நான் உட்காரச் சொல்லவில்லை.
“தப்பு என்மேலதான் அத்தை. சதை ஒரு இடத்துல மடிஞ்சிருந்துச்சு. மடிஞ்ச இடம் சாயம் தேங்கிக் கருத்துத் தெரியும். அதை விட்டுட்டுக் கோடு போடணும். நான் கவனிக்காம சேர்த்துப் போட்டுட்டேன். சாஃப்ட்வேர் அத்தனையையும் பழுப்புன்னு எண்ணிடுச்சு.”
லேப்பின் பெரிய டாக்டரிடம் தானாகவே போய்ச் சொல்லியிருக்கிறாள். எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினாராம். பிறகு அவரே கோடு போட்டு எண்ண வைத்தால், பழுப்பு கொஞ்சம்தான். மாத்திரையே போதுமாம்.
“மடிப்புகூடவா கண்ணுல படல?”
“படல அத்தை.”
அவ்வளவுதான். ஒரு சாக்கும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? தான் உடைத்த பாத்திரத்துக்குப் பூனையைக் கைகாட்டியவன் என் மகன். அவன் அப்பா வழிப் புத்தி.
உட்காரச் சொன்னேன்.

மார்ச் 20
மாத்திரை குமட்டுகிறது. போர்வையை இன்றும் கோணல்மாணலாகத்தான் மடித்திருந்தாள். அவள் வேலைக்குப் போகிறவரை காத்திருந்து, உதறி மடித்தேன்.