ஒத்துக்கொள்ளாத பால்

1969 ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. மாமியார் மறுபடி பெரிய டம்ளரில் பால். "வயித்துப் புள்ளைக்கும்மா, மூச்சுடாம குடி." குடித்தேன். சமையல் முடிவதற்குள் வயிறு உப்பி, கடமுட சத்தம், கொல்லைக்கு ஓட்டம். ஐந்தாம் மாதம். போன வருடமும் வயிற்றுவலியில்தான் தொடங்கியது. அந்தக் கரு தங்கவில்லை. இன்றைய வலியை யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 5, சனி

துணி ஊறுகிறது. நேற்று பால்காரர் வரவில்லை, வயிறு அமைதி. இன்று பால் வந்தது, வலியும் வந்தது. வீட்டுக்காரர் தறியை விட்டு எழுந்து வந்துவிட்டார். "பால் குடிக்கிற அன்னிக்கி மட்டும் இப்படி ஆவுது, பாத்தியா? டாக்டரம்மாகிட்ட போலாம் வா." அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

ஜூலை 8, செவ்வாய்

ஆஸ்பத்திரி. ஒரே கூட்டம். குழந்தை நன்றாக இருக்கிறதாம். அப்பாடா. "தயிர் சாப்பிட்டா எப்படி?" என்றார் டாக்டரம்மா. ஒன்றும் செய்யாது என்றேன்.

"சில பேருக்குப் பால்ல இருக்கிற சர்க்கரை செரிக்காது. தயிரா உறையும்போது அது கொஞ்சம் கொறைஞ்சிடும். பாலை நிறுத்துங்க. தயிர், மோர், கேழ்வரகு, கீரை சேத்துக்குங்க. குழந்தைக்கு ஒரு கொறையும் வராது."

வீட்டில் சொன்னதும் மாமியார் முகம் சுருங்கியது. அடுப்படியில் மெதுவாக: "போன தடவ உனுக்குப் பால் சரியாக் குடுக்கல, அதான் போச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேம்மா." இத்தனை நாள் இது எனக்குத் தெரியாது. "அதுக்கும் பாலுக்கும் சம்பந்தமே இல்ல அத்தை." கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூலை 11, வெள்ளி

அத்தை உறை ஊற்றிய தயிர். மண்சட்டி. கெட்டி, நல்ல புளிப்பு. பயந்து பயந்து ஒரு கரண்டி. வலி இல்லை. சாயங்காலம் இஞ்சி தட்டிப் போட்ட மோர். அதுவும் சரி. கறிவேப்பிலை தீர்ந்துவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

எதிர்வீட்டில் குழந்தைக்குப் பேர் வைத்தார்கள். பால் பாயசம். வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். அரை டம்ளர்தான். மத்தியானம் முழுக்கப் படுக்கை. எனக்கு நன்றாக வேண்டும்.

அத்தை எதிர்வீட்டு வாசலில் பேசியது காதில் விழுந்தது: "எம்மருமவளுக்குப் பால் ஆவாதும்மா. இனிமே மோர் குடு, போதும்."

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. அம்மன் கோயில் கூழ், மோர் கரைத்து, சொம்பு நிறைய. வயிறு கம்மென்று இருந்தது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் உள்ளே ஒரு துள்ளல். வலி இல்லை. இது வேறு. மறுபடியும்.

அத்தையைக் கூப்பிட்டேன். ஓடி வந்து வயிற்றில் கை வைத்தார். அப்போது ஒன்றும் அசையவில்லை. "இரும்மா, இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்." தறிச் சத்தம் நின்றது, அவரும் வந்து நின்றார். அடுப்பில் சோறு குழைந்துகொண்டிருந்தது. யாரும் எழுந்து போகவில்லை.