முகாமில் அப்பா சொன்ன பதில்

அன்புள்ள பூங்குழலி கண்ணுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தம்பி பிரேம் எழுதுவது. (சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நம் வெள்ளைக் கோழி பக்கத்து வீட்டுக் கூரையில் முட்டையிட்டுவிட்டது. முட்டை யாருக்கு என்று பேச்சுவார்த்தை நடக்கிறது. – பிரேம்) இவன் சிரிப்பதைப் பார்த்தால் எதையோ சேர்க்கிறான், அதை விட்டுவிட்டு மேலே படி சாமி. திருப்பூரில் உனக்குத் தலைவலி நின்றதா, விடுதிச் சோறு ஒத்துக்கொள்கிறதா? இங்கே நானும் இவனும் சுகம். உங்கப்பாவுக்குத்தான் சுகமில்லை, நீ போனில் கூப்பிட்டால் அவரே வாங்கி நல்லாருக்கறேன் கண்ணு என்று வைத்துவிடுகிறார், அதனால்தான் கடிதம். மிளகு பறிக்க மரத்தில் ஏறி விழுந்த பிறகு வலது கால் இன்னும் தரையில் ஊன்றவில்லை. மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்குச் சோளக்காடு ஊரில் முகாம் போட்டார்கள். அந்தப் பணம் வந்தால் அவர் மருந்துக்கு நீ அனுப்ப வேண்டாம், கம்பெனியை விட்டுக் காலேஜில் சேரலாம் என்று எனக்கு ஒரே ஆசை. வெளியாள் கேட்டால் நாம் குறை சொல்லிப் பழக்கமில்லையே, உங்கப்பா வெள்ளை வேட்டி கட்டி, தடியை வாசலிலேயே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்து நிமிர்ந்து நின்றாராம். எப்படி இருக்கீங்க அய்யா என்று டாக்டர் கேட்டதற்கு, உங்க புண்ணியத்துல நல்லாருக்கறனுங்க என்றாராம். நடக்க முடியுதா என்றால், ஏனுங்க, மலைக்காரன் நடக்காம இருப்பனுங்களா என்றாராம். டாக்டரும் அப்படியே எழுதப் போனாராம். நான் மரவள்ளிக் காட்டில் இருந்தேன், நல்லவேளை உன் தம்பி கூட இருந்தான். எங்கப்பா பொய் சொல்றாருங்க சார் என்று எழுந்து, வக்கீல் போலப் பேசிச் சான்றிதழ் வாங்கிவிட்டான். உங்கப்பா இதைப் பிச்சை என்று நினைத்துக் குமைகிறார். இந்த மலையில் இத்தனை காலம் பாடுபட்டவருக்கு அரசாங்கம் தருவது எப்படிப் பிச்சையாகும்? எனக்கு அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை, நீ சொன்னால் கேட்பார். ஈரத் தலையோடு படுக்காதே. மாசி பெரியசாமி உனக்குத் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா பாவாயி

அக்கா, அம்மா ஆட்டுக்குத் தழை போடப் போய்விட்டாள், அதற்குள் சொல்லிவிடுகிறேன். வக்கீல் கதை நான் விட்ட சரடு. அப்பா நல்லாருக்கறனுங்க என்றதும் அத்தனை பேர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன். ஏண்டா தம்பி அழறே என்று டாக்டர் மூக்கைத் துடைக்கப் பஞ்சு கொடுத்தார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, நடக்க முடியலீங்க சார், பையன்தான் தூக்கி உக்கார வெக்கறான் என்றார். பேசினது அவர்தான். அம்மா அரியூர் வரைக்கும் எல்லா ஊரிலும் சொல்லி என்னை வக்கீலாக்கி வைத்திருக்கிறாள், தயவுசெய்து காட்டிக்கொடுக்காதே.